டீவர்ச்சேயின் ஊசி எந்தப் பக்கம்

எங்கள் லாகன்டைக் ஊரில் எந்தப் பெண்ணின் தலையும் என் கைக்குத் தப்பியதில்லை. தொப்பி வெளுப்பது, கஞ்சி போடுவது, லேஸை மடிப்பு மடிப்பாகத் தேய்ப்பது, நல்ல நாளில் தலையில் வைத்து ஊசி குத்திவிடுவது, எல்லாம் இந்த நேல்ச்சேதான். என் வீட்டு முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. பழைய போதகரின் மனைவி ஊரைவிட்டுப் போகும்போது ஏலத்தில் எடுத்தது. அதன் முன்னால் உட்கார்ந்தால் எவளும் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டாள். யார் வீட்டில் வெண்ணெய் திரளவில்லை, யார் மருமகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதெல்லாம் எனக்குப் போதகருக்கு முன்பே தெரியும்.

டீவர்ச்சே மட்டும் பேசமாட்டாள். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து கண்ணாடியை முறைப்பாள். போன வாரம் கஞ்சி குறைவு என்பாள், இல்லாவிட்டால் இந்த வாரம் கஞ்சி அதிகம் என்பாள். சரியாக இருந்தது என்று சொன்னால் அவள் நாக்கு என்ன உதிர்ந்தா போய்விடும்? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் நான் வைத்துவிட்ட தொப்பியை வாசல் தாண்டுவதற்குள் தொட்டுப் பார்ப்பார்கள், இங்கே இழுப்பார்கள், அங்கே அழுத்துவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டீவர்ச்சே ஒரு நாளும் கை வைத்ததில்லை. "நீ வச்சா வச்சதுதான் நேல்ச்சே. அதுல நான் கை வைக்க என்ன இருக்கு" என்று ஒரு தடவை சொன்னாள். அவள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான், இன்றுவரை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய பண்ணை அணைக்கரைக்குக் கீழே, தேவாலயத்துக்கு எதிரில், வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. அந்தத் தொழுவத்தில் கீழே விழுந்த ரொட்டியை எடுத்துத் தின்னலாம். மாடுகளின் வால் அழுக்காகக் கூடாதென்று கயிறு போட்டு உத்தரத்தில் கட்டி வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான், டீவர்ச்சே அந்த வாலைச் சோப்புப் போட்டுக் கழுவி, சீப்பால் வாரியும் விடுவாள். கோடையில் மாடுகள் மேய்ச்சலுக்குப் போனதும் தொழுவத்தைத் தேய்த்துக் கழுவி, வெள்ளை மணல் தூவி, மேஜை போட்டு அங்கேயே உட்கார்ந்து காப்பி குடிப்பாள். யாராவது மரச்செருப்போடு உள்ளே வந்தால் தொலைந்தார்கள். எங்கள் நாடு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது வரி கேட்டு வந்த அவர்கள் அதிகாரியையே காலுறையோடு நிறுத்திப் பேசி அனுப்பியவள் அவள்.

கல்யாணமாகும்போது அவள் இளம்பெண். எங்கள் பக்கத்தில் மணப்பெண் எத்தனை பாவாடைமேல் பாவாடை உடுத்துகிறாளோ அத்தனைக்குத்தான் அவள் வீட்டுக்கு மதிப்பு. அக்கா பாவாடை, அத்தை பாவாடை, அண்டைவீட்டுப் பாவாடை என்று கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு, தேவாலயக் கதவில் நுழைய முடியாமல் பக்கவாட்டில் திரும்பி நுழைந்த மணப்பெண்களை நான் பார்த்திருக்கிறேன். டீவர்ச்சே தன்னுடைய சொந்தப் பாவாடைகளை மட்டும் கட்டிக்கொண்டு குச்சி மாதிரி போய் நின்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் குசுகுசுவென்று பேச, அவள் திரும்பிப் பார்த்து, உள்ளே இருப்பதெல்லாம் என்னுடையது, உங்களுடையது எப்படி என்று கேட்டாளாம். 

புருஷன் கொர்னேலிஸ் நல்லவன், தூங்குமூஞ்சி. ஒரு புயல் நாளில் அணைக்கரையைக் காவல் காக்கப் போய், நனைந்து, காய்ச்சலில் படுத்து, அப்படியே போய்ச் சேர்ந்தான். டீவர்ச்சே முறைப்படி கறுப்பு உடுத்தினாள், பவளமாலையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள், லேஸ் இல்லாத தொப்பி போட்டாள். துக்கம் முடிய வேண்டிய ஞாயிறு வந்ததும், ஒரு வாரம் கூடவும் இல்லை குறையவும் இல்லை, பழைய சீட்டித் துணி ரவிக்கையை எடுத்து மாட்டிக்கொண்டாள். சிவப்பும் நீலமுமாகப் பெரிய பெரிய பூப்போட்ட சீட்டி அது, கிழக்கிந்தியக் கப்பலில் வந்தது, எத்தனை தண்ணீரில் அலசினாலும் சாயம் போகாது. அழுதாளா என்று கேட்டால், அழுதாள். என் கண்ணாடி முன்னால் ஒரே ஒரு தடவை, சத்தமே இல்லாமல். நான் கஞ்சிப் பானையைக் கிண்டுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு பண்ணை அவள் கைக்கு வந்தது. அவள் பேச்சுக்கு மேல் பேச்சில்லை என்பது முன்பும் உண்மைதான், இப்போது சட்டமும் அதை ஒத்துக்கொண்டது.

இனி ஊசிக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் தொப்பிக்கு அடியில் வெள்ளிப் பட்டை போட்டு, அதற்கு மேலே நெற்றியில் ஒரு பக்கமாகத் தங்க ஊசி ஒன்றைச் செருகிக்கொள்வோம். விரல் நீளம், நுனியில் சின்னக் கற்கள். கன்னிப்பெண்ணுக்கு இடப்பக்கம், கல்யாணமானவளுக்கு வலப்பக்கம். விதவைக்கும் வலப்பக்கம்தான், ஆனால் மறுபடி கட்டிக்கொள்ள மனசு வந்துவிட்டால் அவள் ஊசியை எடுத்து இடப்பக்கம் குத்திக்கொள்வாள். அப்புறம்தான் ஆண்பிள்ளை எவனும் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுக்கலாம். ஊசி திரும்பாத விதவையிடம் போய்க் கேட்டவனை இந்த ஊர் மனுஷனாகவே மதிக்காது. துக்கத் துணி காய்வதற்கு முன்பே ஊசியை மாற்றிக்கொண்டு வந்து நின்றவர்களும் உண்டு, பெயர் சொன்னால் நாளைக்கு எனக்குத் தொப்பி வராது.

டீவர்ச்சேயின் ஊசி வலப்பக்கத்திலேயே இருந்தது. இதனால் மனம் வெந்துகொண்டிருந்தவன் டூனிஸ்.

டூனிஸ் படகுக்காரன். வியாழக்கிழமை தோறும் வாய்க்கால் வழியாகப் பண்ணை பண்ணையாக வந்து சீஸ் உருண்டைகளை ஏற்றிக்கொண்டு ஹோர்ன் சந்தைக்குப் போவான். நாற்பது தாண்டியும் கல்யாணமாகாதவன். கை ஒவ்வொன்றும் துடுப்பு அகலம், ஆனால் பெண்களைக் கண்டால் காது சிவந்துவிடும். தனியாகப் படகு தள்ளும்போது ஊரே கேட்கும்படி பாடுவான். டீவர்ச்சேயின் படித்துறை நெருங்கியதும் பாட்டு பட்டென்று நின்றுபோகும். வாய்க்கால் ஓரத்தில் துணி அலசிக்கொண்டிருக்கிற நாங்கள் அதைக் கேட்டே, பண்ணையம்மா வெளியே நிற்கிறாள் என்று தெரிந்துகொள்வோம். படகைக் கட்டியதும் அவன் முதலில் பார்ப்பது அவள் நெற்றியை. அப்புறம்தான் சீஸைப் பார்ப்பான்.

அவன் மனசு என் புருஷன் லாம்மர்ட்டுக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து விலாங்கு மீன் பிடிக்கப் போகிறவர்கள். ஊசி திரும்பட்டும், மறு நிமிஷம் கேட்டுவிடுகிறேன், அதுவரை வாயைத் திறந்தால் நான் என் அப்பனுக்குப் பிறக்கவில்லை என்று டூனிஸ் சொல்லியிருக்கிறான். அவள் மனசு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், வியாழக்கிழமை காலையில் மாட்டுத் தொழுவத்துக்கு எவள் லேஸ் தொப்பி போட்டுக்கொண்டு போவாள்? ஒரு நாள் ஜாடையாக, ஊசியை ஒரு தடவை அந்தப் பக்கம் வைத்துப் பார்க்கட்டுமா, உன் முகவெட்டுக்கு நன்றாக இருக்கும் என்றேன். கண்ணாடிக்குள்ளிருந்தே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஊசிக்குப் பேசத் தெரியாது நேல்ச்சே. அவனுக்கு மூஞ்சியில வாய்னு ஒண்ணு இருக்குல்ல, அது எதுக்கு இருக்கு? ஆளுங்க பாக்கட்டும்னு கடைக்கு வெளிய பலகை மாட்டற மாதிரி நான் மாட்ட மாட்டேன்."

ஆக, அவள் திருப்பமாட்டாள், அவன் கேட்கமாட்டான். இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவில் நான் வெந்துகொண்டிருந்தேன். இப்படியே போயிருந்தால் வியாழக்கிழமைகள் வந்துகொண்டே இருந்திருக்கும். ஆனால் அந்த வருஷம் டூனிஸின் மாமன் ஃப்ரீஸ்லாந்திலிருந்து ஆள் அனுப்பினார். வயதாகிவிட்டது, கடலுக்கு அந்தப் பக்கம் தன் படகுத்துறையை எடுத்து நடத்த வரமுடியுமா என்று கேட்டார். குளிர்காலம் தொடங்கும்போது வருகிற மார்ட்டின் திருநாளுக்குள் வருவதானால் வா, இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கெடு. டூனிஸ் இந்தச் செய்தியைப் படித்துறையில் நின்று, சீஸ் உருண்டையைப் பார்த்தபடியே டீவர்ச்சேயிடம் சொன்னானாம். அவள், அங்கே மாடு எப்படி, பால் கெட்டியா என்று விசாரித்தாளாம். அன்று மத்தியானம் அவள் வீட்டுப் பட்டாணிக் கஞ்சி அடிப்பிடித்த வாடை தேவாலயம் வரை வந்தது. அவள் சமையலில் எதுவும் தீய்ந்து நான் அறிந்ததில்லை.

அந்தக் கோடையில்தான் ஆம்ஸ்டர்டாமிலிருந்து படக்காரர் வந்தார். நாட்டுப்புறத்தில் யார் யார் என்ன உடுத்துகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் வரைந்து, செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சடித்து, வர்ணம் பூசி விற்பார்களாம். பட்டணத்து மனிதர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டுவார்களாம். எங்கள் பாவாடையைப் பார்க்கக் காசா என்று நாங்கள் சிரித்தோம். ஆள் ஒல்லி, மரியாதைக்காரர், எவ்வளவு அப்பம் போட்டாலும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். போதகர் அவரை நேரே டீவர்ச்சேயிடம் அனுப்பிவைத்தார். இந்த ஊரில் ஒரு பொத்தான்கூடக் கோணாமல் உடுத்துகிறவள் அவள்தான் என்று போதகருக்கும் தெரிந்திருந்தது.

அவளை அலங்கரித்தது நான். சீட்டி ரவிக்கை, பவளமாலை, கட்டம் போட்ட ஏப்ரன், இடுப்பில் வலப்பக்கம் வெள்ளிச் சங்கிலியில் சாவிக்கொத்து, தலையில் நான் இரண்டு நாள் உயிரைக் கொடுத்துத் தேய்த்த லேஸ். எல்லாம் முடிந்ததும் படக்காரர் அவளை மாட்டடியில் உட்கார்ந்து பால் கறக்கச் சொன்னார். டீவர்ச்சேக்கு வந்ததே கோபம். லேஸ் போட்டுக்கொண்டு எந்தப் பைத்தியக்காரி பால் கறப்பாள் என்று கேட்டாள். படத்தில் அப்படி இருந்தால்தான் பட்டணத்தில் விற்கும் என்று அவர் கெஞ்சினார். அரை மனசோடு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் தேவாலயக் கோபுரம். மாடு மட்டும் எஜமானியை அந்தக் கோலத்தில் பார்த்து மிரண்டு ஒரு சொட்டுப் பால் இறக்கவில்லை. வரைந்து முடிக்கிற வரை அவள் அதட்டிக்கொண்டே இருந்தாள், மாட்டை இல்லை, அவரை. ஊசி வலப்பக்கம், பார்த்துப் போடுங்கள், கற்களைக் குறைத்துவிடாதீர்கள் என்று. அவரும் சரியாகத்தான் போட்டார். காகிதத்தை நான் என் கண்ணால் பார்த்தேன், ஊசி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

அறுவடை முடிந்து ஹோர்னில் திருவிழாச் சந்தை கூடியபோது அந்தப் படம் கடைக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சத்திரக்காரி ஒன்று வாங்கிவந்து, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஆணி அடித்து மாட்டினாள். கீழே லாகன்டைக் பண்ணைப் பெண் என்று எழுதியிருந்தது. லேஸ் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது, என் வேலை என்று மார்தட்டிக்கொள்ளலாம் என்று கிட்டப் போய்ப் பார்த்தேன்.  ஊசி இடப்பக்கம் இருந்தது.

அவ்வளவுதான், ஊர் தலைகீழானது. டீவர்ச்சே மனசு மாறிவிட்டாளாம், நம்மிடம் சொல்ல வெட்கப்பட்டுப் பட்டணத்துப் படத்தில் சொல்லியிருக்கிறாளாம், எவ்வளவு கெட்டிக்காரத்தனம், நாடு முழுக்க ஒரே நாளில் சேதி போய்விடுமே என்று பேசிக்கொண்டார்கள். நான் இல்லை இல்லை என்று தொண்டை வற்றக் கத்தினேன். சிநேகிதிக்காகப் பேசுகிறாள் என்றார்கள். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் காற்றாலைக்காரன் ஹில்பிரண்ட் புதுக் கழுத்துத்துணி கட்டிக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். எங்கள் வழக்கத்தில், பெண் கேட்டு வருகிறவனை நேரடியாகப் போ என்று சொல்லமாட்டோம். கணப்புக்குப் பக்கத்தில் கிடக்கிற கரி இடுக்கியை எடுத்துச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தால், போய்வா என்று அர்த்தம். வந்தவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பெண் கையை உயர்த்தித் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டால், உனக்குத்தான் என்று அர்த்தம். ஹில்பிரண்ட் தொப்பியைக் கழற்றுவதற்குள் டீவர்ச்சே இடுக்கியை நிறுத்திவிட்டாள். அடுத்து தேவாலயத்து மூப்பர் ஒருவர் வந்தார், அவருக்கும் இடுக்கி. பக்கத்து ஊரிலிருந்து பிள்ளைகுட்டிக்காரர் ஒருவர் தன் பிள்ளைகளையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு சீஸ், அப்பனுக்கு இடுக்கி. அந்த மாதம் அந்த இடுக்கி பட்ட பாடு கணப்பில்கூடப் பட்டிருக்காது.

ஏன் வருகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. சத்திரத்துப் பக்கம் அவள் போகிறவள் இல்லை, படத்தைப் பார்க்கவும் இல்லை. நானும் சொல்லவில்லை. அவள் கோபத்தை முதலில் வாங்கிக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

ஆனால் டூனிஸ் பார்த்திருந்தான். ஹோர்ன் சந்தையில், கடை போட்ட முதல் நாளே. அதிலிருந்து வியாழன் தோறும் படகு வந்தபோது பாட்டு இல்லை, படித்துறைக்கு ரொம்பத் தூரத்திலிருந்தே இல்லை. அந்த மாதக் கடைசி வியாழனன்று டீவர்ச்சே லேஸ் தொப்பியோடு நின்றாள், ஊசி வழக்கம்போல வலப்பக்கம். அவன் நெற்றியை ஒரு தடவை பார்த்தான், அப்புறம் நிமிரவே இல்லை. ஒரு சீஸ் உருண்டையை வாய்க்காலில் நழுவவிட்டான், எடுக்கக்கூடக் குனியவில்லை. மத்தியானம் என் வீட்டில் லாம்மர்ட்டோடு உட்கார்ந்து ஜெனீவர் சாராயம் குடித்தான். மாமனுக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது என்றான். என்னடா அவசரம் என்று கேட்டேன்.

"நான் போறப்பல்லாம் ஊசி வலப்பக்கம் இருக்கு. பட்டணத்துக்காரன் வந்தா இடப்பக்கம் போயிடுது. அப்ப எனக்கு மட்டும்தானே அது வலப்பக்கம்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எப்பவோ போயிருப்பேனேக்கா. இத்தனை நாளா பல்லைக் காட்டிக்கிட்டு வந்து நின்னிருக்கேன்."

அந்தப் பெரிய முகம் சுருங்கிப்போய்க் கிடந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு டீவர்ச்சேயிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. மூஞ்சி முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. "நானா? நான் திருப்பினேனா?" என்றாள். மறுபடி கடைய ஆரம்பித்தாள், மத்தைப் பிடித்த வேகத்தில் தாழி உடையாமல் இருந்தது அதிசயம். இடுக்கி வாங்கிப் போன அத்தனை பேரும் அவளை என்னவென்று நினைத்திருப்பார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் அவள் வாய்விட்டுச் சொன்ன பெயர் ஒன்றுதான், அது டூனிஸ்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே சத்திரத்துக்குள் நுழைந்தாள். பின்னாலேயே நான். உள்ளே ஊர் ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் இருந்தார்கள். டூனிஸும் அடுப்பு மூலையில் இருந்தான்.  அவள் படத்தின் முன்னால் போய் நின்று பார்த்தாள். நான் இப்படிக் குத்தவே இல்லை என்றாள். யாரோ ஒருவன் இருமினான். ஹில்பிரண்ட் மெதுவாக, அப்போ படக்காரருக்குக் கனவா வந்தது என்று கேட்டான். சிரிப்பு எழுந்தது. டீவர்ச்சே படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 

அப்போதுதான் மணியடிக்கிற யோரிஸ் மூலையிலிருந்து எழுந்தார். அவருக்குத் தேவாலயத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் கண்ணில் படாது. இத்தனை நாளும் அவர் மனசுக்குள் குமைந்துகொண்டிருந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியவில்லை.

"ஊசியக் கட்டிக்கிட்டு அழறீங்களே, என் கோபுரத்தைக் கேக்க ஒரு நாதி உண்டா? அந்தம்மா வீட்டு வாசல்ல நின்னா கோபுரம் எந்தக் கைப் பக்கம்? அந்தப் படக்காரன் அதைத் தூக்கி வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வச்சிருக்கான். நான் எங்க போயி மணியடிக்கறது?"

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். கோபுரம் மெய்யாகவே மாறித்தான் இருந்தது. டீவர்ச்சே இன்னும் கிட்டப் போனாள். எங்கள் ஊரில் மாட்டுக்கு வலப்பக்கம் உட்கார்ந்துதான் பால் கறப்போம், இடப்பக்கம் போனால் மாடு உதைத்துத் தள்ளிவிடும். படத்துப் பெண் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். சாவிக்கொத்தும் இடுப்பில் பக்கம் மாறித் தொங்கியது. இத்தனை ஆண்பிள்ளைகள் இத்தனை நாள் பார்த்தும் ஒருவன் மாட்டைப் பார்க்கவில்லை பாருங்கள், எல்லோர் கண்ணும் ஊசியிலேயே இருந்திருக்கிறது.

டீவர்ச்சே சத்திரக்காரியிடம் முகம் மழிக்கிற கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னாள். படத்தை ஆணியிலிருந்து கழற்றி அதன் முன்னால் பிடித்தாள். கண்ணாடிக்குள் கோபுரம் தன் இடத்துக்கு வந்தது. அவள் மாட்டின் சரியான பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊசி வலப்பக்கம் போய்ச் சேர்ந்தது.

"வெண்ணெய் அச்சு எல்லார் வீட்லயும் இருக்குல்ல? அச்சுல அன்னம் இந்தப் பக்கம் பாக்கும், வெண்ணெய்ல அழுத்தினா அந்தப் பக்கம் பாக்கும். செம்புத் தகடும் அச்சுதானே. அவர் வரைஞ்சது சரி, விழுந்தது திரும்பி விழுந்திருக்கு. எனக்கு மாப்பிள்ளை தேடறதா இருந்தா யோரிஸ் கோபுரத்துக்கும் சேத்துத் தேடுங்க" என்றாள்.

சத்திரம் அதிர்ந்தது. ஹில்பிரண்ட் முதற்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். யோரிஸ் மட்டும் சிரிக்கவில்லை, இதைத் திருத்தி அச்சடிப்பார்களா மாட்டார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். டீவர்ச்சே தலைநிமிர்ந்து நின்றாள். நான் டூனிஸைப் பார்த்தேன். அவனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான், பெரிய பாரம் இறங்கிய மாதிரி. அப்புறம் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. "அப்ப நீங்க அதைத் திருப்பவே இல்லை" என்றான், அவளிடம் பாதி, தனக்குத்தானே பாதி. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவள் பெயர் மீண்டது, அவன் நம்பிக்கை போனது. வாசல்வரை அவனைப் பார்த்துக்கொண்டிருந்த டீவர்ச்சேயின் கையில் அந்தக் கண்ணாடி இன்னும் இருந்தது.

மார்ட்டின் திருநாளுக்கு முந்தின நாள். டூனிஸ் பெட்டி கட்டிவிட்டான். மறுநாள் விடியற்காலையில் கப்பல். அவனுடைய நல்ல காலர் ஒன்று கஞ்சிக்காக என்னிடம் இருந்தது. முந்தாநாளே தேய்த்து முடித்ததுதான், இருந்தாலும் அதற்கு முதல் நாள் கேட்டு வந்தவனை இன்னும் காயவில்லை, நாளைக்கு மத்தியானம் வா என்று அனுப்பியிருந்தேன். டீவர்ச்சேயிடம் திருநாள் தொப்பியை வைத்துப் பார்க்க அதே மத்தியானம் வா என்றேன். இதில் தப்பொன்றும் இல்லை, இரண்டு பேருக்கும் என் வீட்டில் வேலை இருந்தது, வந்தார்கள்.

டூனிஸ் கதவைத் திறந்தபோது அவள் பெரிய கண்ணாடியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சீட்டி ரவிக்கை, பவளமாலை. நான் தொப்பியை வைத்து முடித்து, ஊசியை வலப்பக்கம் குத்தி, நகர்ந்துகொண்டிருந்தேன். அவன் அவளைப் பார்த்ததும் வாசற்படியிலேயே மரச்செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். காலரைத் தேய்க்கிற மாதிரி நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். டீவர்ச்சே திரும்பவில்லை.

"உள்ள வா டூனிஸ். எனக்குப் பின்னால வந்து நில்லு. கண்ணாடியில பாரு."

அவன் வந்து நின்றான். அந்த உயரத்துக்கு அவன் தலை பாதிதான் கண்ணாடியில் தெரிந்தது, குனிந்தான்.

"யாரு தெரியறா?"

"நீங்கதான் பண்ணையம்மா."

"அவ நெத்தியில ஊசி எந்தப் பக்கம் இருக்கு?"

அவன் பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணாடிக்குள் இருந்த டீவர்ச்சே அவனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஊசி இடப்பக்கம் இருந்தது.

"இடப்பக்கம்" என்றான். பிறகு, அந்த மடையன், "ஆனா இது கண்ணாடி" என்றான்.

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அவன் மேல் எறியலாமா என்று எனக்கு வந்தது. டீவர்ச்சே எறிகிறவள் மாதிரியே பேசினாள்.

"அச்சுல திரும்பினா அதை நம்பி ஃப்ரீஸ்லாந்துக்குப் போவே. கண்ணாடியில திரும்பினா நம்ப மாட்டியா? உள்ள இருக்கறதும் நான்தான் டூனிஸ். ஊசியை நான் தொடல, உன் வழக்கத்தை நீ மீறல. இனியும் உனக்கு வாயில்லைன்னா காலரை வாங்கிக்கிட்டுப் போ."

 அப்புறம் டூனிஸ் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினான். எத்தனையோ வியாழக்கிழமைகள் அடக்கிவைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. என்ன சொன்னான் என்று எழுதமாட்டேன், அதில் பாதி சீஸைப் பற்றித்தான் இருந்தது, மீதி அவள் காதுக்கு மட்டும் உரியது. பண்ணை உன்னுடையது, எஜமானி நீதான், நான் பக்கத்தில் இருந்தால் போதும் என்று முடித்தான். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

 டீவர்ச்சே இரண்டு கையையும் மெதுவாக உயர்த்தினாள். நான் வைத்துக் குத்திவிட்ட தொப்பியை, ஒரு மடிப்புக்கூடக் கோணாமல் இருந்த தொப்பியை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்து, நிதானமாகச் சரிசெய்தாள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றதில் இஸ்திரிப் பெட்டி காலர்மேலேயே இருந்துவிட்டது. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எடுத்தேன். அந்தப் பழுப்புக் காலரைப் போட்டுக்கொண்டுதான் டூனிஸ் கல்யாணத்துக்கு வந்தான்.